இருவர் விட்டுக்கொடுத்த அரியணை



அம்பத்தூரிலும் ஆவடியிலும் குடியிருந்து, நாள்தோறும் இரயிலில் வேலைக்குச் சென்று திரும்பும் உங்களில் பலருக்கு அரக்கோணம் தடத்தின் நிலையப் பெயர்கள் மனப்பாடமாயிருக்கும். அம்பத்தூரை அடுத்துத் திருமுல்லைவாயில், பின்பு அண்ணனூர், ஆவடி. அதற்கப்பால் திருநின்றவூர், திருவள்ளூர், கடம்பத்தூர், திருவாலங்காடு, இறுதியில் அரக்கோணம். அங்கே மாறிச் செங்கற்பட்டுத் தடத்தில் ஏறினால் தக்கோலம் வந்துவிடும். இவற்றுள் தக்கோலம், திருவாலங்காடு, திருமுல்லைவாயில் ஆகிய மூன்று பெயர்களை மட்டும் இன்று மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சோழ மன்னருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் நேர்ந்ததை இந்த மூன்று ஊர்களைக் கொண்டே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அம்மன்னர் உத்தம சோழர். இயற்பெயரைச் சொன்னால் உடனே விளங்கும்: மதுராந்தகர். கல்கியின் பொன்னியின் செல்வனை வாசித்தவர்களும், 2022-இலும் 2023-இலும் அது திரைப்படமாக வந்தபோது குடும்பத்தோடு சென்று பார்த்தவர்களும் அந்தப் பெயரைக் கேட்டவுடன் முகம் சுளிப்பார்கள். அரியணைக்கு ஆசைப்பட்டு, பழுவேட்டரையர் பின்னால் ஒளிந்து, திரையிட்ட பல்லக்கில் சதிக்கூட்டத்துக்குப் போன கோழை என்றே அவர் நம் மனங்களில் பதிந்திருக்கிறார். கல்கியின் கதை முடிவில் உண்மையான உத்தம சோழர் வேறொருவர் என்று முடிச்சு அவிழும். ஆனால் அதை நினைவில் வைத்திருப்பவர் சிலரே. கதையை வாசிக்காதவர்களும்கூட, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கேட்டால் மதுராந்தகருக்கு அதில் பங்குண்டு என்பார்கள். ஐந்து தலைமுறையாகத் தெரிந்த அண்டை வீட்டாரைப் பற்றிப் பேசுவதுபோல் அத்தனை உறுதியாகச் சொல்வார்கள்.

சாட்சிகள் இருவரேனும் இல்லாமல் ஒருவனைக் குற்றவாளி ஆக்கலாகாது என்பது மோசேயின் பிரமாணம். இறந்து ஆயிரம் ஆண்டுகள் ஆன ஒருவருக்கு அந்தப் பிரமாணம் பொருந்தாது என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே சாட்சிகளை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்போம்.

முதலில் தக்கோலம். சோழர் குலத்தில் முதலாம் பராந்தகர் 907 முதல் 955 வரை ஆண்டார். மதுரையை வென்றவர், ஏறக்குறைய அரை நூற்றாண்டு அரியணையில் இருந்தவர். அவருடைய மைந்தர்களில் இராசாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர் ஆகிய மூவர் நம் வரலாற்றுக்கு வேண்டியவர்கள். மூத்தவரான இராசாதித்தரே பட்டத்துக்கு உரியவர். வடக்கிலிருந்து வரக்கூடிய படையெடுப்பைத் தடுப்பதற்காகத் தந்தை அவரைத் திருமுனைப்பாடி நாட்டில், திருநாவலூர்ப் பகுதியில், பெரும் படையோடு நிறுத்தியிருந்தார். அஞ்சிய படையெடுப்பு வந்தேவிட்டது. இராட்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணர், கங்க மன்னர் பூதுகனைத் துணையாகக் கொண்டு இறங்கி வந்தார். 949-இல் தக்கோலத்தில் போர் நடந்தது. யானைமீதிருந்து போரிட்ட இராசாதித்தர் யானைமீதே மாண்டார். சோழர் ஆவணங்கள் அவரை ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்று மரியாதையோடு குறிக்கின்றன.

அவரைக் கொன்றவர் பூதுகர் என்பதைக் கர்நாடகத்தின் ஆதகூர் என்ற ஊரில் கிடைத்த ஒரு கல் கூறுகிறது. அந்தக் கல் நிறுத்தப்பட்டதன் காரணம் வேறு. காட்டுப்பன்றியோடு மோதி இறந்த காளி என்ற வேட்டை நாய்க்கு எடுத்த நினைவுக்கல் அது. பூதுகரின் வீரன் ஒருவன், போரில் தான் காட்டிய வீரத்துக்குப் பரிசாக அந்த நாயைத்தான் கேட்டு வாங்கினானாம். ஒரு பேரரசின் பட்டத்து இளவரசர் இறந்த செய்தி ஒரு நாயின் கல்லறைக் கல்லில் இடம்பெற்று நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அதே போரின் மற்றொரு எதிரொலி நமக்கு இன்னும் அருகில், திருவொற்றியூரில் இருக்கிறது. கேரளத்தில் பிறந்த வல்லபன் என்னும் வீரர் இராசாதித்தரின் அன்புக்குரிய துணைவராயிருந்தார். தலைவன் வீழ்ந்த நாளில் உடன் வீழும் பேறு தமக்குக் கிட்டவில்லையே என்ற வெட்கம் அவரைத் தின்றது. கங்கையில் நீராடி, உலகைத் துறந்து, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற துறவியாக வாழ்ந்தார். அங்குள்ள கல்வெட்டு இதைச் சொல்கிறது. அக்கல்வெட்டில் ஆட்சியாண்டு யாருடையது தெரியுமா? தம் தலைவரை வீழ்த்திய கிருஷ்ணருடையது. ஏனெனில் தக்கோலத்துக்குப் பின் தொண்டைமண்டலம், அதாவது நாம் குடியிருக்கும் இந்த ஏரிகளின் நாடு, சோழர் கையை விட்டுப் போய்விட்டது.

இப்படி முறிந்த அரசுதான் இரண்டாம் மகன் கண்டராதித்தரிடம் வந்தது. அவர் வாளைவிடப் பாட்டை நேசித்தவர். தில்லைக் கூத்தனைப் பாடிய அவருடைய பதிகம் சைவத் திருமுறையில் ஒன்பதாம் திருமுறையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. பட்டத்தரசி, மழவர் குலத்தில் பிறந்த செம்பியன் மாதேவியார். அவர்களுக்கு ஒரே மகன், மதுராந்தகர். பிள்ளை சிறுவனாயிருக்கும்போதே தந்தை மறைந்தார். ‘மேற்கெழுந்தருளின தேவர்’ என்று கல்வெட்டுகள் அவரைக் குறிக்கின்றன. மேற்றிசை சென்று திரும்பாதவர் என்று சிலரும், மறைந்தவரை மரியாதையோடு சுட்டும் சொல் என்று சிலரும் பொருள் கொள்கின்றனர்.

எதிரி வடக்கே நிற்கிறான். அரியணையில் குழந்தையை அமர்த்த முடியாது. ஆகவே தம்பி அரிஞ்சயர் ஆண்டார். அவரும் விரைவில் மறைய, அவருடைய மகன் சுந்தர சோழர் 957-இல் அரசேற்றார். இதில் அபகரிப்பு எதுவும் இல்லை என்பதை நன்றாகக் கவனியுங்கள். காலம் அப்படிக் கேட்டது. ஆனால் குழந்தை குழந்தையாகவே இருப்பதில்லை. மதுராந்தகர் வளர்ந்து ஆளானபோது, சோழ நாட்டில் எல்லார் மனத்திலும் ஒரே கேள்வி எழுந்திருக்க வேண்டும். மூத்தவரின் மகன் இவர். இளையவரின் மகனோ இழந்த தொண்டைநாட்டை மீட்டுக் குடும்பத்தை மீண்டும் தலைநிமிரச் செய்தவர், அவருக்கும் ஆண்மக்கள் இருவர். அரசு யாருக்கு?

குடும்பங்களின் பாகப்பிரிவினையில் பெரியவர்களாக அமர்ந்து பேசிய உங்களுக்கு இந்த இடம் நன்றாக விளங்கும். தொழிற்பேட்டை வந்த புதிதில் தகப்பனார் வாங்கிப்போட்ட ஒரு கிரவுண்டு மனை. மூத்தவன் குடும்பத்துக்கு அது சேர வேண்டும் என்பதற்கு நியாயம் உண்டு. தகப்பனாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, கடன் அடைத்து, மேல்மாடி எழுப்பியவன் இளையவன், அவனுக்கும் நியாயம் உண்டு. ஒருவன் பக்கம் நியாயமும் மற்றவன் பக்கம் அநியாயமும் இருந்தால் தீர்ப்புச் சொல்வது எளிது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் வழக்குகள்தாம் திருவள்ளூர் நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகள் நடக்கின்றன; அண்ணன் தம்பி ஒரே ஆராதனையில் வேறு வேறு வரிசையில் அமர்கிறார்கள்; ஒருவர் திருவிருந்துக்கு எழுந்தால் மற்றவர் எழுவதில்லை.

சோழர் வீட்டில் அந்தக் கேள்வி பதில் பெறுவதற்கு முன்னே இரத்தம் சிந்தப்பட்டது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலர், பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலையைக் கொண்டவர் என்று தம் பட்டப்பெயரிலேயே சொல்லிக்கொண்டவர், ஏறக்குறைய 969-இல் கொலையுண்டார். மகனை இழந்த தந்தை அதற்குப் பின் நெடுநாள் வாழவில்லை. காஞ்சியில் பொன்மாளிகையில் அவர் இறந்தார். அரசி வானவன் மாதேவியார் பால் மறவாத குழந்தையை விட்டுவிட்டுக் கணவரோடு உடன்கட்டை ஏறினார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. எஞ்சியோர் மகள் குந்தவையாரும், இளைய மகன் அருள்மொழியும். அருள்மொழிதான் பிற்காலத்தில் இராசராசர் என்று உலகறிந்தவர். ஆனால் அடுத்து முடி சூடியவர் அவர் அல்லர். மதுராந்தகர், உத்தம சோழர் என்ற பெயரோடு.

சந்தேகம் இங்கேதான் பிறக்கிறது. கொலையால் யாருக்கு ஆதாயம் என்று கேட்பது காவல்துறையின் வழக்கம். வரலாற்றாசிரியர்களும் அவ்வாறே கேட்டனர். நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர்மீது ஐயம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். இருவரும் முன்வைத்துப் பேசிய சாட்சி ஒன்றுதான்: காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில் உள்ள கல்வெட்டு.

அது இராசராசரின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், அவன் உடன்பிறந்தானாகிய இரவிதாசன் என்ற பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரன் என்ற இருமுடிசோழப் பிரமாதிராசன் ஆகியோரைப் பெயர் சொல்கிறது. அவர்களும் அவர்களைச் சேர்ந்த உறவினரும் வைத்திருந்த நிலங்கள் அரசாணையால் பறிக்கப்பட்ட செய்தியைத் தருகிறது. அரசு அலுவலில் உயர்ந்த பட்டங்கள் பெற்றிருந்த சகோதரர்கள் இவர்கள். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். வெட்டுண்ட தங்கள் மன்னனுக்காகப் பாண்டிய நாட்டார் பழி தீர்த்தனர் என்ற எண்ணம் அந்தப் பட்டத்திலிருந்து எழுந்ததே.

உத்தம சோழர் ஆண்ட காலமெல்லாம் துரோகிகள் தண்டிக்கப்படவில்லை, இராசராசர் வந்த பின்புதான் தண்டனை வந்தது. ஆகவே உத்தமர் அவர்களைக் காப்பாற்றினார். ஐயம் கொண்டவர்களின் வாதம் இதுதான். கேட்பதற்கு வலுவாக இருக்கிறது. ஆனால் கல்வெட்டைத் திரும்பப் பாருங்கள். அது நிலத்தின் கதையைச் சொல்கிறது. கொலைஞர் எப்போது பிடிபட்டனர், எப்போது தண்டிக்கப்பட்டனர் என்று அது சொல்லவில்லை. கிளைவிட்டுப் பரந்த ஒரு குடும்பத்தின் சொத்துகளைக் கணக்கெடுத்து, பறித்து, விற்று முடிக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது ஒரே ஒரு பட்டா மாற்றத்துக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கல்வெட்டில் குற்றத்தோடு சேர்த்து உத்தம சோழரின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. கொலையுண்டவரின் சொந்தத் தம்பியே விடுத்த ஆணை அது. பெயர் சொல்ல அவர் யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்த சாட்சி திருவாலங்காட்டில் இருக்கிறது, அல்லது இருந்தது. அவ்வூரில் கிடைத்த செப்பேடுகள் இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. 31 ஏடுகள், சோழ முத்திரை பொறித்த வளையத்தில் கோக்கப்பட்டவை. இராசராசரின் மகன் இராசேந்திரர் தம் ஆறாம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1018-இல், பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்ததைப் பதிவு செய்தவை. தானத்தைச் சொல்லும் முன், வடமொழிப் பகுதியில் குலவரலாறு முழுவதும் விரித்துப் பாடப்பட்டிருக்கிறது.

ஆதித்தர் மறைந்த பின் குடிகள் அருள்மொழியிடம் வந்து அரசேற்குமாறு வேண்டினராம். அவரோ தம் சிற்றப்பனுக்கு நாட்டின்மேல் விருப்பம் இருக்கும்வரை, தாம் அதை மனத்தாலும் விரும்புவதில்லை என்று மறுத்தாராம். செப்பேடு அடுத்துச் சொல்வதை மேற்கோள் காட்டுவோர் குறைவு. எனக்கு முக்கியமாகப் படுவது அதுவே. அரசேற்ற மதுராந்தகர், அருள்மொழியையே இளவரசராக ஆக்கி வைத்துவிட்டு ஆட்சிப் பொறுப்பைச் சுமந்தார் என்கிறது. மதுராந்தகருக்குச் சொந்த மகன் இருந்தான். பெற்ற மகனை விலக்கி, ஒன்றுவிட்ட அண்ணனின் மகனுக்கு அடுத்த பட்டத்தை உறுதி செய்தார். அருள்மொழி தம் நிகழ்காலத்தை விட்டார்; மதுராந்தகர் தம் மகனின் எதிர்காலத்தை விட்டார். முதலாமவரை ஊரெல்லாம் புகழ்கிறது. இரண்டாமவரைப் பற்றிப் பேச்சில்லை.

வெற்றி பெற்ற கிளையினர் தங்கள் மூதாதையைப் புகழ எழுதியது அது என்று நீங்கள் சொல்லலாம். உண்மையே, அரசவைப் புலவர்கள் சத்தியப்பிரமாணம் செய்து எழுதுவதில்லை. ஆனால் அதே காரணத்தால் அது உத்தமருக்கு நல்ல சாட்சியாகிறது. கொலையுண்ட ஆதித்தர் இராசேந்திரருக்குப் பெரியப்பா. ஐம்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. உத்தமரின் கிளை அரசாளவில்லை. அவரைத் தாங்குவதால் யாருக்கும் எந்த ஆதாயமும் இல்லை. பெரியப்பாவைக் கொல்வித்தவர் என்று அந்தக் குடும்பம் நம்பியிருந்தால், குலவரலாற்றில் அவரைப் புகழ்ந்து எழுதுவித்திருக்குமா? ‘நாட்டின்மேல் விருப்பம்’ என்ற சொல் அங்கே இருக்கிறதே என்றால், இருக்கிறதுதான். தகப்பன் ஆண்ட நாட்டை மகன் விரும்பினான். விருப்பத்துக்கும் கொலைக்கும் நடுவே நெடுந்தூரம் உண்டு.

அருள்மொழியின் செயலை வாசிக்கும்போது சவுலின் மகன் யோனத்தானை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பட்டத்துக்குரியவன் தானாயிருந்தும், தாவீதே அரசனாவான், நான் உனக்கு அடுத்தவனாயிருப்பேன் என்று காட்டிலே தேடிப்போய்ச் சொன்னவன் அவன். ஆனால் யோனத்தான் கில்போவா மலையில் மடிந்தான். அந்த ஏற்பாடு எப்படி நடந்திருக்கும் என்று பார்க்க நமக்கு வாய்ப்பில்லாமல் போயிற்று. சோழ நாட்டில் அது பதினைந்து ஆண்டுகள் நடந்தது.

இது எத்தனை அரிது என்பதை அறிய வேண்டுமானால் அதே ஆண்டுகளில் வேறொரு நாட்டைப் பார்க்க வேண்டும். செப்பேடுகள் இருக்கும் அருங்காட்சியகத்துக்குச் சற்றுத் தொலைவில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில், ஸ்காட்லாந்துச் சபையார் கட்டி 1821-இல் திறந்த புனித அந்திரேயா ஆலயம் இருக்கிறது. பேருந்தில் போகும்போது அந்தக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்காட்லாந்தில், பத்தாம் நூற்றாண்டில், சோழ நாட்டைப் போலவே அரச குடும்பத்தின் இரு கிளைகளுக்கிடையே முடி மாறி மாறிச் சென்றுகொண்டிருந்தது. உத்தம சோழர் அரசேற்ற காலத்தை ஒட்டி, 971-இல், அங்கே குலேன் என்ற மன்னர் கொல்லப்பட்டு இரண்டாம் கென்னத் மன்னரானார். 995-இல் கென்னத் கொல்லப்பட்டார். அடுத்து வந்த மூன்றாம் கான்ஸ்டன்டைன் இரண்டே ஆண்டில், 997-இல், கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த மூன்றாம் கென்னத்தை 1005-இல் வீழ்த்திவிட்டு அவருடைய உறவினர் இரண்டாம் மால்கம் முடி சூடினார். மால்கமின் பேரன் டங்கன் 1040-இல் மக்பெத்தால் வீழ்த்தப்பட்டார். டங்கனின் மகன் மூன்றாம் மால்கம் 1057-இல் மக்பெத்தை வீழ்த்தினார். இவர்கள் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஆலயத்துக்குப் போனவர்கள். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

மக்பெத் என்ற பெயரைக் கல்லூரியில் ஷேக்ஸ்பியர் படித்தவர்கள் அறிவார்கள். நாடகத்தில் டங்கன் நரைத்த நல்ல மன்னர். விருந்தினராக வந்து உறங்கும்போது மக்பெத் கத்தியால் குத்துகிறார். வரலாற்றில் டங்கன் இளையவர், படையோடு வந்து மோதி மாண்டவர். மக்பெத் பதினேழு ஆண்டுகள் ஆண்டார். 1050-இல் உரோமாபுரிக்குத் திருப்பயணம் போய் ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்தார் என்று அந்த நூற்றாண்டிலேயே ஒருவர் எழுதி வைத்தார். ஆனால் நாடகம் வென்றது. மதுராந்தகருக்கு நம் நாட்டில் நேர்ந்தது அங்கே மக்பெத்துக்கு நேர்ந்தது. கதாசிரியர்களைக் குறை கூற மாட்டேன். கதை எழுதுவது அவர்கள் தொழில். கதையைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது நம் செயல்.

உத்தம சோழர் எப்படி ஆண்டார் என்பதற்குச் சில அடையாளங்கள் எஞ்சியுள்ளன. அவர் காலத்தில் பெரும்போர் வெற்றிகள் இல்லை. அவர் பெயர் பொறித்த பொற்காசு ஒன்று இருந்தது. சோழர் காசுகளில் நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழையது அதுவே. காசு காணாமற் போய், வால்டர் எலியட் என்பவர் வரைந்து வைத்த படம் மட்டும் இருக்கிறது. அவர் பெயரிலும் ஒரு செப்பேடு உண்டு. அது காஞ்சிபுரத்தைப் பற்றியது. ஊரகப் பெருமாள் கோயிலுக்கு வந்த பொன்னும் அதன் வட்டியும் ஒழுங்காகச் செலவாக வேண்டும் என்பதற்காக, நெசவாளர் குடியிருந்த நான்கு சேரிகளிடம் பொறுப்பைக் கொடுத்து, கணக்கை ஆண்டுதோறும் சரிபார்க்க ஏற்பாடு செய்தது. போர்க்களத்தைப் பாடும் புலவருக்கு இதில் பொருள் கிடைக்காது. ஆயினும் தக்கோலத்துக்குப் பின் கைமாறிக் கைமாறிக் களைத்திருந்த தொண்டைநாட்டுக்கு, நெசவாளன் கையில் கணக்கைக் கொடுத்து ஒழுங்காக நடத்திய ஓர் அரசு எத்தனை ஆறுதலாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனித் திருமுல்லைவாயில். அங்கே மாசிலாமணீசுவரர் கோயிலில் உத்தம சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அவருடைய தாயார் செம்பியன் மாதேவியார் அக்கோயிலுக்கு நிலம் அளித்ததைக் கூறுகிறது. அந்த அம்மையார் வழிபட்ட தெய்வத்தை நாம் வழிபடுவதில்லை. அதற்காக அவருடைய வாழ்வைக் கற்காமல் விட வேண்டியதில்லை. இளம் வயதில் கைம்பெண் ஆனவர். கைக்குழந்தையின் அரியணையில் கொழுந்தனும் அவருடைய மகனும் அமர்ந்ததைப் பார்த்தவர். ஆதித்தன் கொலையுண்ட துயரத்தையும், தம் மகன் முடி சூடியதையும், அந்த மகனையும் காலம் கொண்டுபோனதையும் பார்த்தவர். இத்தனைக்கும் நடுவில் அவர் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் செய்த வேலை ஒன்றுதான்: செங்கல்லில் இருந்த பழைய கோயில்களைக் கருங்கல்லில் எடுப்பித்தார்.

அவற்றில் ஒன்று கோனேரிராசபுரம். மறைந்த கணவர் பெயரால் எடுத்த அக்கோயிலில் கண்டராதித்தர் வணங்கும் சிற்பத்தைச் செதுக்குவித்தார்; தாம் ஏவியபடி கட்டிய சிற்பியின் பெயரையும், சாத்தன் குணபத்தன் என்று, கல்லில் பொறிக்கச் செய்தார். கூலி வாங்கிச் சென்ற கைத்தொழிலாளியின் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று எத்தனை அரசருக்குத் தோன்றியிருக்கும்? திருக்கோடிகாவில் இன்னொரு செய்தி. பழைய கட்டடத்தைப் பிரிக்கும் முன் அதிலிருந்த முந்தைய மன்னர்களின் கல்வெட்டுகளைப் படியெடுத்து, புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்ற குறிப்போடு அவை நிற்கின்றன. முன்னோர் கொடுத்த தானத்தை அழித்துத் தம் பெயரை எழுதிக்கொள்ள அவருக்கு எல்லா வசதியும் இருந்தது.

நாகப்பட்டினத்துக்கு அருகே அவர் பெயரால் அமைந்த ஊரில், அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாளைக் கொண்டாட மருமகள்மார், அதாவது உத்தமரின் தேவியர், அளித்த கொடைகள் பொறிக்கப்பட்டுள்ளன. மாமியாரின் பிறந்தநாளுக்கு மருமகள்கள் பணம் வைத்தனர் என்ற செய்தி கல்லில் ஏறுவது, உங்களுக்கும் எனக்கும் தெரிந்த குடும்பங்களை நினைத்தால், சிறிய காரியமாகத் தோன்றவில்லை.

985-இல் உத்தமர் மறைய, முன்பே முடிவானபடி அருள்மொழி இராசராசராக அரசேற்றார். இப்போதுதான் உண்மையான சோதனை. மூத்த கிளையின் வாரிசு, உத்தமரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், உயிரோடு இருக்கிறான். நாளை அவன் பின்னே ஒரு கூட்டம் சேரலாம். சாலொமோன் அரசேற்ற பின் அண்ணன் அதோனியாவுக்கு என்ன நேர்ந்தது என்பதை 1 இராஜாக்கள் இரண்டாம் அதிகாரத்தில் வாசித்திருக்கிறீர்கள். அபிமெலேக்கு தன் சகோதரர் எழுபது பேரை என்ன செய்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஸ்காட்லாந்தின் கணக்கை மேலே பார்த்தோம்.

இராசராசரின் கல்வெட்டுகளில் அந்த மதுராந்தகன் கண்டராதித்தன் வருகிறான். கோயில்களின் கணக்கு வழக்குகளை விசாரிக்கும் உயர் அதிகாரியாக வருகிறான். கையாடல் செய்தவர்களைக் கண்டுபிடித்துத் தண்டம் விதிக்கிறான். பாட்டி கட்டிய உலகத்தைப் பேரன் காத்துவந்தான், அரியணையை ஏற்ற உறவினரின் முழு நம்பிக்கையோடு. சவுலின் பேரன் மேவிபோசேத்துக்குத் தாவீதின் பந்தியில் இடம் கிடைத்தது. இவனுக்கு அதிகாரமும் கிடைத்தது. செம்பியன் மாதேவியாரும் இராசராசரின் ஆட்சியில் மரியாதையோடு வாழ்ந்து, 1001 வரை கொடைகள் அளித்து வந்தார்.

திருமுல்லைவாயில் நிலையத்தில் அடுத்த முறை இறங்க நேர்ந்தால், வடக்கே நடந்து அந்தக் கோயிலின் சுவர்களைப் பாருங்கள். அம்மையாரைக் கல்வெட்டுகள் குறிக்கும் முறை ஒன்று உண்டு. கண்டராதித்தரின் தேவி என்று சொல்லி நிறுத்துவதில்லை; உத்தம சோழரைத் ‘திருவயிறு வாய்த்த’ பிராட்டியார் என்கின்றன. சோழ நாடெங்கும், அவருடைய மகன் மறைந்து வேறொரு கிளை ஆண்ட நாளிலும், அந்தச் சொல்லை யாரும் மாற்றி எழுதச் சொல்லவில்லை.